வானத்தைப் பார்த்தவளும் ஆறு மேசைகளும்

வேற்றுக்கோளிலிருந்து ஒரு படை வந்து இறங்கினால் அதை எதிர்த்து நிற்கக்கூடியது கொடுங்கோல் அரசு ஒன்றே என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் என்னிடம் அடித்துச் சொன்னார். மக்களாட்சி நாடுகள் கூடிப் பேசித் தீர்மானம் நிறைவேற்றுவதற்குள் பாதி உலகம் சாம்பலாகியிருக்கும். ஒரே ஆளின் சொல்லுக்கு நகரங்களைக் காலி செய்யவும், ஆலைகளைப் பெயர்த்து நகர்த்தவும், இலட்சக்கணக்கானோரைச் சாகக் கொடுக்கவும் பழகிய அரசுதான் அப்படியொரு நாளில் பிழைக்கும் என்பது அவருடைய வாதம். எனக்கு அந்தக் கருத்துப் பிடிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் தெரியவில்லை. பிடிக்காத ஒரு கருத்து மறுக்க முடியாமல் உள்ளே தங்கிவிட்டால் அது படுத்தும் பாடு தனி. கடைசியில் அதை ஒரு குறுநாவலாக எழுதிப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். நண்பரின் கட்சியையே கதையின் கட்சியாக எடுத்துக்கொண்டேன். பெயரில்லாத ஒரு நாடு, பெயர் சொல்லி அழைக்க எவருக்கும் துணிவில்லாத ஒரு தலைவர், அச்சத்தால் இயங்கும் நிர்வாகம், முடிவில் வெற்றி. அந்த வெற்றிக்குக் கொடுத்த விலையைக் கண்டு வாசகர் கலங்க வேண்டும் என்பதே என் திட்டம். முதல் அத்தியாயம் ஒரே வாரத்தில் முடிந்தது. இரண்டாம் அத்தியாயம் எட்டு மாதங்கள் ஆகியும் முடியவில்லை. அது ஏன் முடியவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நட்சத்திரங்களுக்கிடையே பயணம் செய்யத் தெரிந்தவர்களை எந்த அரசாலும் தடுக்க முடியாது, எனவே இந்தக் கேள்வியே வீண் என்று ஒருவர் சொல்லலாம். அவர்கள் விரும்புவது வெறும் அழிவு என்றால் அது சரிதான். அவ்வளவு வேகத்தில் வரும் ஒரு கப்பலைத் திருப்பி நம் மீது மோதவிட்டாலே போதும். ஆனால் இந்தக் கோளைச் சிதைக்காமல் கைப்பற்ற விரும்புகிறவர்கள் வேறு வகையினர். சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமே 4.2 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்தே வந்திருந்தாலும், கூடுதல் படை வேண்டும் என்று இங்கிருந்து அனுப்பும் செய்தி ஊர் போய்ச் சேர நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். விடை வர மேலும் அவ்வளவு காலம். ஆகவே அவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள், கருவியில் உயர்ந்தவர்கள், தாயகத்திலிருந்து துண்டிக்கப்பட்டவர்கள், நம்மைப் பற்றி அரைகுறையாக அறிந்தவர்கள். என் கதையில் அப்படிப்பட்டவர்களைத்தான் வரவழைத்தேன். எதிர்ப்பு என்ற சொல்லுக்குப் பொருள் இருப்பது அவர்கள் முன்னால் மட்டுமே.

நண்பரின் கட்சிக்கு வலுவான சான்றுகள் உண்டு என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. 1941 ஜூலைக்கும் நவம்பருக்கும் இடையில், ஜெர்மானியப் படை முன்னேறிக்கொண்டிருந்தபோதே, சோவியத் அரசு 1,523 தொழில் நிறுவனங்களைக் கழற்றி இரயிலில் ஏற்றி வோல்கா ஆற்றுப் பகுதிக்கும் யூரல் மலைப்பகுதிக்கும் அதற்குக் கிழக்கேயும் கொண்டுபோனது. தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பங்களையும் கேட்டுக்கொண்டு செய்த வேலையன்று அது. கூரை போட்டு முடியாத கொட்டகைகளில் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. அந்த ஆலைகள் இல்லாமல் பின்னர் வந்த வெற்றிகளை நினைத்துப் பார்க்க முடியாது. என் குறுநாவலின் முதல் அத்தியாயம் முழுக்க இந்தக் காட்சியின் நிழல்தான். ஒரே இரவில் ஒரு நகரம் தன்னைத்தானே சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எழுதும்போது எனக்கே உடல் சிலிர்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டளைக்கு உடனே கிடைக்கும் கீழ்ப்படிதலுக்கு அப்படியொரு கவர்ச்சி இருக்கிறது.

ஆனால் அந்த அத்தியாயத்தில் நான் ஒன்றை இனாமாக எடுத்துக்கொண்டிருந்தேன். தலைவருக்கு எதிரி வருவது தெரியும் என்று வைத்துக்கொண்டேன். அது எப்படித் தெரிந்தது என்று எழுத வேண்டிய இடம்தான் இரண்டாம் அத்தியாயம்.

ஆறு மேசைகள்

அந்நாட்டின் வான்காணகம் ஒன்றில் இரவுப் பணியில் ஒரு பெண் இருக்கிறாள். சூரியக் குடும்பத்தின் விளிம்பிலிருந்து ஒரு பொருள் உள்ளே வருவதை அவள் காண்கிறாள். சூரியனை நோக்கி விழும் இயற்கைப் பொருள் நெருங்க நெருங்க வேகம் கூட்டும். இது வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறது. நான்கு இரவுகள் அளந்துவிட்டு அவள் மூன்று வாக்கியங்கள் எழுதுகிறாள்: "விண்பொருள் ஒன்று வேகத்தைக் குறைத்தபடி சூரியக் குடும்பத்திற்குள் நுழைகிறது. இயற்கைப் பொருள் எதுவும் இப்படி நடந்துகொள்ளாது. இது இயக்கப்படுகிறது."

இந்த மூன்று வாக்கியங்களும் தலைவரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் ஐந்து மேசைகள். முதல் மேசையில் இருக்கும் பணி மேற்பார்வையாளர் நல்லவர். அந்தப் பெண்ணின் மீது அக்கறை உள்ளவர். மூன்றாவது வாக்கியம் நோக்கீடு அன்று, கருத்து என்று சொல்லி அதை எடுத்துவிடுகிறார். இரண்டாம் மேசையிலுள்ள காணக இயக்குநர், "இயற்கைப் பொருள் எதுவும் இப்படி நடந்துகொள்ளாது" என்பதை "பொருளின் நகர்வு வழக்கத்திற்கு மாறாக உள்ளது" என்று திருத்துகிறார். மூன்றாம் மேசையில் அறிவியல் துறைச் செயலர், கருவிப் பிழைக்கான வாய்ப்பும் ஆராயப்படுகிறது என்று ஒரு வரி சேர்க்கிறார்; எந்த அறிவியல் அறிக்கையிலும் இருக்க வேண்டிய நியாயமான வரிதான் அது. நான்காம் மேசையில் பாதுகாப்புத் துறை அந்த வரியை மேலே ஏற்றி, நோக்கீட்டை இணைப்பில் வைக்கிறது. ஐந்தாம் மேசையில் தலைவரின் தனிச்செயலர் இணைப்புகளைப் பிரித்து வைத்துவிடுகிறார். வானம் முழுவதும் நம் கண்காணிப்பில் இருக்கிறது என்று தலைவர் அறிவித்ததன் ஆண்டு விழா அந்த வாரம் நடக்கவிருந்தது. ஆறாம் மேசைக்கு ஒரே வாக்கியம் போய்ச் சேர்கிறது: "வான்காணகக் கருவிகளின் பராமரிப்புப் பணி நடைபெற்று வருகிறது."

ஐவரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. இதை எழுதி முடித்தபோதுதான் கதை என் கையை விட்டுப் போய்விட்டது என்பது புரிந்தது. மேற்பார்வையாளரைத் துணிச்சல் மிக்கவராக மாற்றிப் பார்த்தேன். அவரைப் போன்றவர் அந்த நாட்டில் அந்தப் பதவிவரை உயிரோடு வந்திருக்க முடியாது. தலைவரைக் கசப்பான சொல்லையும் விரும்பிக் கேட்கும் அறிவாளியாக மாற்றிப் பார்த்தேன். அப்படிப்பட்டவரிடம் மக்கள் அஞ்ச மாட்டார்கள், அஞ்சாத மக்கள் நகரத்தைச் சுருட்டிக்கொண்டு போகும் முன் ஏன் என்று கேட்பார்கள், முதல் அத்தியாயம் சரிந்துவிடும். ஒற்றர்களை நுழைத்துப் பார்த்தேன். மக்கள் பேசுவதை ஒற்றர்கள் கேட்கலாம். ஆனால் ஒற்றர்கள் இருப்பதை அறிந்த மக்கள் எதைப் பேசக் கற்றுக்கொண்டார்களோ அதைத்தான் அவர்கள் கேட்பார்கள். எந்த அச்சம் நகரத்தை ஒரே இரவில் நகர்த்தியதோ அதே அச்சம்தான் மூன்று வாக்கியங்களை ஒன்றாக்கியது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விலக்க எட்டு மாதங்கள் முயன்றேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஐந்து மேசைகளின் திருத்தங்களை நான் கற்பனை செய்து எழுதவில்லை, நினைவிலிருந்து எழுதினேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பணி ஐந்து மாதங்கள் தாமதமாகும் என்பது என் கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. அறிக்கையில் "கால அட்டவணையில் சற்று நெருக்கடி உள்ளது" என்று எழுதினேன். எனக்கு மேலிருந்தவர் "சற்று" என்பதை வைத்துக்கொண்டு "நெருக்கடி" என்பதைச் "சவால்" ஆக்கினார். என்னை யாரும் சிறையில் அடைத்திருக்க மாட்டார்கள். ஒரு கூட்டத்தில் ஒருவர் முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு முகச்சுளிப்புக்கே நான் ஐந்து மாதங்களை விழுங்கினேன் என்றால், பின்னால் துப்பாக்கி நிற்கும்போது ஒரு மனிதர் எதை விழுங்க மாட்டார்? நண்பருடன் பேசிய அன்றிரவு எனக்குக் கிடைக்காத மறுப்பு இந்த நினைவிலிருந்துதான் கிடைத்தது.

நடந்த கதை

பிறகு வரலாற்றைத் திரும்பப் படித்தபோது, 1,523 ஆலைகளை நகர்த்திய அதே அரசின் அதே ஆண்டில் என் இரண்டாம் அத்தியாயமும் நடந்திருப்பதைக் கண்டேன். 1941 மார்ச் 20 அன்று சோவியத் இராணுவ உளவுத்துறைத் தலைவர் பிலிப் கோலிகோவ் மேலிடத்திற்கு ஓர் அறிக்கை கொடுத்தார். ஜெர்மனி எந்தெந்த வழிகளில் தாக்கக்கூடும் என்ற தகவல்கள் அதில் இருந்தன. அவற்றில் ஒன்று பின்னர் நடந்ததை ஏறக்குறைய அப்படியே சொன்னது. ஆனால் அறிக்கையின் முடிவுரை, வசந்தத்திலேயே போர் வரும் என்ற செய்திகளைப் பிரிட்டனோ ஜெர்மனியோ பரப்பும் பொய்த் தகவல்களாகக் கருத வேண்டும் என்றது. உள்ளே உண்மையும் வெளியே தலைவர் விரும்பிய முடிவும் ஒரே தாளில் இருந்தன. கோலிகோவை முட்டாள் என்று என்னால் சொல்ல முடியாது. அவருக்கு முன் அதே நாற்காலியில் இருந்த பெர்சினும் உரிட்ஸ்கியும் 1938-இல் சுடப்பட்டிருந்தார்கள்.

தோக்கியோவிலிருந்து சோவியத் உளவாளி ரிச்சர்ட் சோர்கே அனுப்பிய எச்சரிக்கைகள் நம்பப்படவில்லை. ஜெர்மானிய விமானப்படைத் தலைமையகத்திலிருந்த ஒருவர் வழியாக ஜூன் 17-இல் வந்த எச்சரிக்கையின் மீது ஸ்டாலின் தம் கையால் ஒரு கொச்சையான வசையை எழுதினார். ஜூன் 22 விடியலில் தாக்குதல் தொடங்கியது. அதற்குச் சில மணி நேரம் முன்பு எல்லைப் படைகளுக்குப் போன உத்தரவுகூட, ஆத்திரமூட்டும் செயல்களுக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையைச் சேர்த்தே சொன்னது. அந்த ஆண்டு முடிவதற்குள் முப்பது இலட்சம் அளவுக்குச் சோவியத் வீரர்கள் கைதிகளானார்கள். ஆலைகளை நகர்த்தியது பெரும் சாதனைதான். ஆனால் அவ்வளவு அவசரமாக அவற்றை நகர்த்த வேண்டி வந்ததற்கான காரணத்தில் இந்த அறிக்கைக்கும் அந்த வசைக்கும் பங்கு உண்டு. அதுவும் எப்படிப்பட்ட எதிரி? மொழி தெரிந்த, ஆயுதம் தெரிந்த, எல்லையில் படை குவித்து நின்ற எதிரி. எதைப் போலவும் இல்லாத ஓர் எதிரியைப் பற்றிய முதல் செய்தி அந்த ஆறு மேசைகளை எப்படிக் கடக்கும்?

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சிறிய நிகழ்வை வைத்துப் பார்க்கிறேன். 2017 அக்டோபர் 19 அன்று ஹவாயிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி ஒரு பொருளைக் கண்டது. அதன் பாதை சூரியனைச் சுற்றி மூடாத திறந்த வளைவு. ஆகவே அது சூரியக் குடும்பத்திற்கு வெளியிலிருந்து வந்தது என்பது உறுதியானது. ஓமுவாமுவா என்று பின்னர் பெயர் பெற்ற அந்தப் பொருளை, செய்தி வெளியான சில நாள்களிலேயே வெவ்வேறு நாடுகளின் பெரிய தொலைநோக்கிகள் பின்தொடர்ந்தன. அது செயற்கைப் பொருளாக இருக்கலாம் என்று ஹார்வர்ட் பேராசிரியர் அவி லோப் சொன்னார். பெரும்பாலான வானியலாளர்கள் பொதுவெளியிலேயே அதை மறுத்தார்கள். லோப் தவறாகவே இருக்கட்டும். என் கதைப் பெண்ணின் மூன்றாவது வாக்கியத்தை அவர் உலகறியச் சொல்ல முடிந்தது, சொன்ன பிறகும் பதவியில் இருக்க முடிந்தது. அந்தப் பொருள் சூரியனை நெருங்கிக் கடந்தது செப்டம்பர் 9-இல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திறந்த கண்களுக்கே அது நாற்பது நாள் பிந்தித்தான் தெரிந்தது.

தலை இல்லாதவர்கள்

செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். படை இறங்கிய பிறகு என்ன நடக்கும்? எண்ணிக்கையில் குறைந்து, கருவியில் உயர்ந்து, ஊரிலிருந்து துண்டிக்கப்பட்டு வந்தவர்களை மனித இனம் பார்க்காமல் இல்லை. 1532 நவம்பர் 16 அன்று இன்றைய பெருவிலுள்ள கஹமார்கா நகரச் சதுக்கத்தில் ஸ்பானியத் தளபதி பிசாரோ 168 பேருடன் இன்காப் பேரரசர் அதாவல்பாவைப் பிடித்தார். பேரரசரின் பெரும்படை அருகிலேயே முகாமிட்டிருந்தது. இன்கா ஆட்சியைக் கொடுங்கோல் என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது நியாயம் ஆகாது. ஆனால் அதிகாரம் முழுவதும் ஓர் ஆளிடம் முடிச்சிடப்பட்டிருந்தது. ஆகவே அந்த ஆள் பிடிபட்டதும் நாடு கலைந்து போகவில்லை, அதைவிடக் கொடிய ஒன்று நடந்தது: நாடு தொடர்ந்து கீழ்ப்படிந்தது. சிறையிலிருந்து அவர் கட்டளையிட்டார், நாடெங்குமிருந்து பொன்னும் வெள்ளியும் வந்து அறைகளை நிரப்பின, படைகள் காத்திருந்தன. மீட்புப் பொருள் கொடுத்த பிறகும் 1533-இல் அவரைக் கொன்றார்கள். இன்கா ஆட்சியை வெறுத்திருந்த கன்யாரி, வாங்கா மக்களோ வந்தவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் தம்பிப் போரும் புதிய நோய்களும் அப்பேரரசை முன்பே பிளந்திருந்தன என்பது உண்மை. இருந்தாலும் அந்தச் சதுக்கத்தில் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் என் கதைத் தலைவரின் பதுங்கறைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. எதிரிக்கு ஒரு கதவைத் திறந்தால் போதும். உள்ளே இருப்பவரின் குரல் கைக்கு வந்துவிட்டால், கேள்வி கேட்காத ஒரு நாடே கைக்கு வந்துவிடும்.

அதே ஸ்பானியர் தெற்கே, இன்றைய சிலிக்குப் போனபோது அங்கு வாழ்ந்த மபுச்சே மக்களைச் சந்தித்தார்கள். அங்கே பிடிப்பதற்கு ஒரு பேரரசர் இல்லை. ஒவ்வொரு கூட்டமும் தனக்குத் தலைமை. போர் வந்தால் போருக்கென ஒரு தலைவரைத் தேர்ந்துகொள்வார்கள். குதிரையைக் கண்டு முதலில் மிரண்டவர்கள் பிறகு தாங்களே குதிரையேறினார்கள். ஸ்பானிய ஆளுநர் வால்திவியாவை 1553-இல் கொன்றார்கள். அந்தப் போரை நடத்திய லௌதாரோ அதே வால்திவியாவிடம் பணியாளாக இருந்து ஸ்பானியர் போரிடும் முறையைக் கண்ணால் கற்றவர். தப்பி வந்த இளைஞர் ஒருவர் சொன்னதை மூத்தவர்கள் கேட்டுக்கொள்ளக்கூடிய சமூகமாக அது இருந்தது. 1557-இல் லௌதாரோ கொல்லப்பட்ட பிறகும் போர் நிற்கவில்லை. 1641-இல் கிலின் உடன்படிக்கையில் பியோபியோ ஆற்றை எல்லையாக ஸ்பானியர் ஏற்றுக்கொண்டார்கள். நண்பர் சொன்ன கட்டுப்பாடும் ஒற்றைக் கட்டளையும் இன்காக்களிடம் இருந்தன. பல தலைமுறை தாக்குப்பிடித்தவர்கள் மபுச்சேக்கள்.

மக்கள் கூடி முடிவெடுத்தால் அது அறிவான முடிவாகவே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. கி.மு. 415-இல் ஏதென்ஸ் மக்கள் பெரும் உற்சாகத்தோடு வாக்களித்துச் சிசிலிக்குப் படை அனுப்பினார்கள். அந்தத் தீவு எவ்வளவு பெரியது என்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது என்று அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். படை முழுவதும் அழிந்தது. தவறான முடிவு எல்லா ஆட்சியிலும் பிறக்கும். அதைச் சொன்னவரை மாற்ற முடியுமா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. 1940 மே மாதம் நார்வேயில் தோல்வி நேர்ந்தபோது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இரண்டு நாள் விவாதித்தது. மே 10 அன்று பிரதமர் சேம்பர்லேன் பதவி விலகினார். போரின் நடுவே, எதிரி மேற்கு ஐரோப்பாவுக்குள் பாய்ந்த அதே நாளில், ஒரு நாடு தன் தலைமையை மாற்றிக்கொண்டது. நண்பர் வீண்பேச்சு என்று சொன்னது இதைத்தான். விடுதலை நாடுகள் தியாகம் கேட்கத் தயங்கும் என்பதும் முழு உண்மையன்று. 1941 டிசம்பரில் பிரிட்டன் மணமாகாத பெண்களையும் போர்ப்பணிக்குக் கட்டாயமாக அழைத்தது. ஹிட்லரின் அரசு அந்த அளவுக்குத் துணியவில்லை.

சோவியத் நாடு வென்றதே என்று நண்பர் நிச்சயம் கேட்பார், கேட்டார். அந்த வெற்றி எப்படி வந்தது என்பதைப் பார்த்தால் எனக்கு அது அவருடைய கட்சிக்குச் சான்றாகத் தெரியவில்லை. 1942 அக்டோபர் 9 ஆணையின்படி, படைத்தளபதிகளுக்கு இணையான அதிகாரத்தோடு கூடவே இருந்த அரசியல் அதிகாரிகளின் பதவி நீக்கப்பட்டது. 1937-இல் கைதாகிச் சித்திரவதைப்பட்டு 1940-இல் வெளியே வந்த தளபதி ரோகோசோவ்ஸ்கி, ஸ்டாலின்கிராடில் ஒரு போர்முனைக்கே தலைமை தாங்கினார். 1944 மே மாதம் பெலாரஸ் தாக்குதல் திட்டத்தை விவாதித்தபோது, இரண்டு முனைகளில் தாக்க வேண்டும் என்று சொன்ன அவரைப் பக்கத்து அறைக்குப் போய் யோசித்துவிட்டு வரும்படி ஸ்டாலின் இரண்டு முறை அனுப்பியதாக அவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். திரும்பி வந்து அதையே சொன்னார், ஏற்கப்பட்டது. அந்த அரசு போர்க்களத்தில் மட்டும், சில ஆண்டுகள் மட்டும், மறுத்துப் பேசுவோரைப் பொறுத்துக்கொண்டது. அவ்வளவுக்கே அந்தப் பலன். எதிர்ப்பேச்சைப் பொறுக்கக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு இடமும் காலமும் இருந்தன: பின்வாங்க ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நிலம், இழக்க இலட்சக்கணக்கில் மனிதர்கள். வானிலிருந்து வருபவர்களிடம் பின்வாங்கிப் போக அப்படியொரு தூரம் கிடையாது.

ஆகவே இரண்டாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அந்தப் பெண் தன் மூன்று வாக்கியங்களை முதல் மேசைக்குக் கொடுக்கவில்லை. எல்லைக்கு அப்பால், பகை நாட்டில் ஒரு வான்காணகம் இருக்கிறது. அங்குள்ள ஒருவரின் பழைய ஆய்வுக் கட்டுரைகளை, தடை வருவதற்கு முன் அவள் படித்திருக்கிறாள். வானொலியில் எண்களை மட்டும் அனுப்புகிறாள்: நேரம், திசை, வேகம். ஒரு சொல்கூட இல்லை. மூன்றாம் இரவு விடை வருகிறது. அதுவும் எண்கள்தான், அவளுடைய எண்களோடு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகின்றன.

நண்பர் இதைப் படித்துவிட்டு நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "இது தேசத்துரோகம் ஆயிற்றே. அவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே இவளைச் சுட்டுவிடுவார்களே" என்றார். சுட்டுவிடுவார்கள் என்று நானும் சொன்னேன். "அப்படியானால் என் நாடு தோற்றுவிட்டது, அதுதானே நீங்கள் சொல்ல வருவது?" என்று கேட்டார். அவருடைய நாடு என்று அவர் சொன்னது எனக்கு வலித்தது. அந்த மக்களை எனக்கும் பிடித்துப்போயிருந்தது. மூன்றாம் அத்தியாயத்தைப் பகை நாட்டின் காணகத்தில் தொடங்கியிருக்கிறேன். எண்களைப் பெற்றுக்கொண்டவர், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், தம் இயக்குநரைத் தொலைபேசியில் எழுப்பிக்கொண்டிருக்கிறார்.